ஆறாவது குழி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி குறைந்ததா? தையல் மெஷின் முன்னால் ஒரேயடியாக உட்காராதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய்.

நான் கேட்டு வாங்கிய இடமாற்றம் நல்லதுதான். மலைமேல் ஒரு நீரேற்று நிலையம், நாலு பம்ப், ஒரு குவார்ட்டர்ஸ். மணிக்கொரு தரம் அழுத்தம் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். மூன்றாவது பம்ப் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. இங்கே என்னோடு பேசுகிற ஆள் அது ஒன்றுதான்.

ஏன் போன் பண்ணுவதில்லை என்று கேட்பாய். அன்றைக்குச் செய்தி போனில்தான் வந்தது. இப்போது போன் அடித்தால் என் கை நகர்வதில்லை. கடிதம் பரவாயில்லை, சத்தம் போடாது.

என் மனைவி போய் நாளையோடு மூன்று மாதம். நான் இன்னும் அழவில்லை. அழுகை வராதது ஒரு வியாதியா என்று இங்கே இருக்கிற கம்பவுண்டரிடம் கேட்டேன். இருமலுக்கு மாத்திரை கொடுத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒரு இடத்திலாவது என்ன சாப்பிட்டாய் என்று எழுதியிருக்கிறாயா? மூஞ்சியைப் பார்த்தால் நாலு போடலாம், அதற்கும் வழியில்லாமல் மலைமேல் போய் உட்கார்ந்துவிட்டாய். என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. அத்தானுக்குக் குரல் கட்டியிருக்கிறது, நகர்மன்றத்தில் கத்திக் கத்தி.

ஊருக்குக் கிழக்கே அறுபது ஏக்கரை நகராட்சி எல்லைக்குள் சேர்த்தார்களே, அதில் ஏக்கருக்கு எத்தனை வீடு என்பதுதான் இப்போது சண்டை. பெரிய வீட்டுக்காரர்கள் பதினாலுக்கு மேல் கூடாது என்கிறார்கள். அத்தான் நாற்பது கேட்கிறார். போன கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "ஏக்கருக்கு நாப்பது வீடுன்னா மனுஷன் நின்னுக்கிட்டே தூங்கணுமா?" என்று கேட்டாராம். அத்தான் விடவில்லை. "எங்க வார்டுல இப்பவே அப்படித்தான் தூங்கறாங்க. ஒரு நாள் வந்து பக்கத்துல நின்னு பாருங்க" என்றாராம். சபையே சிரித்ததாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தையல் யூனிட்டில் இருபத்திரண்டு பெண்கள். எல்லோரும் ஒற்றை அறை வாடகை. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள் இருக்கிறாளே, இரண்டு பெண் குழந்தைகளையும் கட்டிலுக்கு அடியில் படுக்க வைக்கிறாள். நாற்பது என்று முடிவானால் இவர்களுக்கு வீடு வரும். பதினாலு என்றால் ஒருத்திக்கும் வராது.

அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. உன் மண் பரிசோதனை அறிக்கையைத்தான் அத்தான் முன்னால் வைக்கப்போகிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். ரொட்டி, முட்டை. போதுமா?

அறிக்கை என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் புரியவில்லை. அந்த வேலையை நான் முடிக்கவில்லையே.

அந்த நிலத்துக்கு நகராட்சியின் சாக்கடைக் குழாய் வரவில்லை, இன்னும் பத்து வருடத்துக்கு வராது. கழிவுநீர் எல்லாம் மண்ணுக்குள்தான் இறங்க வேண்டும். எத்தனை வீடு கட்டலாம் என்பதை நகர்மன்றம் முடிவு செய்ய முடியாது அக்கா, மண்தான் முடிவு செய்யும். அதற்காகத்தான் ஆறு இடத்தில் குழி தோண்டினோம். முதல் நாள் குழியில் தண்ணீர் நிறைத்து ஊறவிட்டு, மறுநாள் திரும்ப நிறைத்து, இரும்பு ஸ்கேலை நட்டு, ஒரு அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று நின்று பார்க்க வேண்டும். மேட்டுப் பக்கம் ஐந்து குழி பார்த்தேன். நன்றாகவே இறங்கியது. ஆறாவது கிழக்கு மூலைப் பள்ளத்தில். அதில் நிற்கும்போதுதான் போன் வந்தது.

எனக்குப் பிறகு ஆறாவதை யார் அளந்தார்கள் என்று அத்தானிடம் கேட்டு எழுது. அவர் குரல் சரியாகிவிட்டதா?

தம்பி

*

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். தீர்மானம் நிறைவேறிவிட்டது. யூனிட்டில் அன்றைக்கு யாரும் தைக்கவே இல்லை. காலர் வெட்டுகிற அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கடைசி நேரத்தில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனார்கள். மேட்டுப் பக்கம் ஏக்கருக்குப் பதினாலு, பெரிய வீடுகள். பள்ளத்துப் பக்கம் நாற்பது, அடுக்கு வீடுகள். அத்தான் உன் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாராம். ஆறு குழியிலும் எட்டு நிமிடத்தில் ஒரு அங்குலம் இறங்கியது என்று படித்தாராம். "மனைவி செத்த துக்கத்துலயும் கடமையை முடிச்சுட்டுப் போன பொறியாளர்" என்று தலைவரே சொன்னாராம். எனக்குப் பெருமையாக இருந்தது.

மலையில் குளிர் எப்படி? போர்வை அனுப்பட்டுமா? இருமல் மாத்திரையைத் தூக்கிப் போடு.

அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை இருக்கிறது. உன் இடுப்பைப் பற்றி நீ எழுதவில்லை.

நான் கேட்டதற்கும் பதில் எழுதவில்லை. அத்தான் வேலையாக இருந்திருப்பார். மறுபடி கேட்கிறேன்.

ஆறாவது குழியில் ஸ்கேலை நட்டபோது மணி பத்தே முக்கால். பதினொன்றே காலுக்குப் பார்த்தேன். தண்ணீர் நகரவில்லை. ஒரு நூல்கூட இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற நம்ம சர்வேயர், அளவுகோல் என்று கூப்பிடுவோமே, அந்த ஒல்லி மனிதர், "என்ன சார், குழிக்கு அடியில தட்டு வெச்சிருக்கா?" என்றார். அடியில் களிமண் இருந்தால் அப்படித்தான் இருக்கும். சரி, இன்னும் அரை மணி பார்க்கலாம் என்றேன். அப்போது போன் அடித்தது.

அரை மணியில் அசையாத தண்ணீர் எட்டு நிமிடத்தில் இறங்கியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் நாற்பது என்று எழுதியிருக்கிறாய்.

அளந்தது யார் அக்கா?

தம்பி

*

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

தாமதமாக எழுதுகிறேன். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர், தலை நிமிரவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

பள்ளத்துப் பக்கம் அஸ்திவாரம் போட்டாயிற்று. சுவரையே தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சீட்டுக் கட்டில் வீடு கட்டுவோமே, அந்த மாதிரி. ஐந்தாறு மாதத்தில் சாவி என்கிறார்கள். சாயங்காலம் யூனிட் விட்டதும் பெண்கள் எல்லோரும் போய் வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். இந்த ஜன்னல் எனக்கு, அந்த ஜன்னல் உனக்கு என்று இப்போதே சண்டை.

நீ அந்த நாளையே நினைத்துக்கொண்டு இருக்காதே. நடந்தது நடந்துவிட்டது. நினைத்து நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள்? ஒரு வாரம் இங்கே வந்து இரு. வேண்டாம், இப்போது வெயில். பிறகு வா.

அக்கா

*

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வெயிலில் ஜாக்கிரதையாக இரு.

அளவுகோலுக்கு எழுதிக் கேட்டேன். அறிக்கையின் நகலை அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "நீங்க போனப்பறம் அந்தக் குழிகிட்ட யாரும் போகல சார். மறுநாள் வந்து மூடச் சொன்னாங்க, மூடிட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

நகலில் ஆறாவது குழி: அக்டோபர் 10, பிற்பகல் 12.10, எட்டு நிமிடம். கீழே என் கையெழுத்து. என்னுடையதுதான், சந்தேகமில்லை.

அன்று 12.10க்கு ஆஸ்பத்திரியில் அவளுடைய வளையலையும் செருப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார்கள். நேரமும் எழுதச் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்த்து நான்தான் எழுதினேன், 12.10 என்று. அந்த நாளில் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். ஒரே நிமிடத்தில் ஐந்து மைல் இடைவெளியில் இரண்டு கையெழுத்து.

பிறகு உன் வீட்டில் நாலைந்து நாள் கிடந்தேன் இல்லையா? லீவு பாரம், இன்சூரன்ஸ் என்று காகிதங்கள் வந்தன. அத்தான் கொண்டுவந்து வைத்தார் என்று நினைக்கிறேன். நான் எதையும் படிக்கவில்லை. போட வேண்டிய இடத்தை ஒரு விரல் காட்டிக்கொண்டே வந்தது. பக்கம் திரும்பும், விரல் வரும், போடுவேன். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்பு இருந்தது.

அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

தம்பி

*

மே 10

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காவுக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதால் நான் பதில் எழுதுகிறேன்.

நீ பெரிய இழப்பிலிருந்து இன்னும் மீளவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரம், தேதி எல்லாம் குழம்பும் என்று படித்தவனான உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கையெழுத்து உன்னுடையது. அறிக்கை உன்னுடையது. நகர்மன்றம் உன்னை நம்பித்தான் தீர்மானம் போட்டது. இன்றைக்கு நீ மாற்றிப் பேசினால் முதல் கேள்வி உன்னைத்தான் கேட்பார்கள். மனநிலை சரியில்லாத பொறியாளர் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் உன் வேலை என்ன ஆகும்? நான் எழுத மாட்டேன். நீ என் வீட்டுப் பிள்ளை.

கண்ணெதிரே இருநூறு குடும்பம் வீடில்லாமல் நிற்கிறது. குழி, ஸ்கேல் என்று பேசினால் அவர்களுக்குப் புரியுமா? எங்கேயும் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கத்தான் செய்யும். பிறகு பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

இனிமேல் எழுதுவதாக இருந்தால் என் அலுவலக முகவரிக்கு எழுது. நல்ல டாக்டராகப் பார்.

இப்படிக்கு,
உன் அத்தான்

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யூனிட் முகவரிக்கு அனுப்புகிறேன். உன் ரத்த அழுத்தம் எப்படி? உனக்கு அது இருப்பதே எனக்குத் தெரியாது.

ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ஆறாவது குழி அளக்கப்படவில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. உறையில் போட்டு ஒட்டியாயிற்று. நேற்று தபால் ஜீப் வந்தது. டிரைவர் பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, "ஏதாவது இருக்கா சார்?" என்றார். இல்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் படுக்கிற அந்த இரண்டு குழந்தைகளை நினைத்துக்கொள்கிறேன். பிறகு அந்தக் களிமண்ணை நினைத்துக்கொள்கிறேன். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது அக்கா. மழை வந்து மண் நிறைந்ததும், கீழே போன கழிவு போக இடமில்லாமல் மேலே வரும். முதலில் குளியலறை வழியாக வரும். அதற்கு முன்னாலேயே குடிக்கிற தண்ணீரில் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாமல்.

பக்கம் திருப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஒரே ஒரு வரி எழுது. அனுப்பு என்றோ, அனுப்பாதே என்றோ. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் ஜூன் கடிதத்தை நூல்கண்டு டப்பாவுக்குள் வைத்திருந்தேன். நாலு மாதம். தினமும் டப்பாவைத் திறந்து நூல் எடுப்பேன், மூடிவிடுவேன். நீயும் அனுப்பியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே நான் சொல்லாமல் நீ ஒரு காரியம் செய்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் சும்மா இருந்தேன்.

பக்கம் திருப்பினது நான்தான்.

அத்தான் காகிதக் கட்டை என் கையில் கொடுத்து, "அவன் இப்ப எதையும் படிக்க மாட்டான். நான் வெச்சா யோசிப்பான், நீ வெச்சா போடுவான்" என்றார். என்ன காகிதம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ள ரொம்ப நாள் முயற்சி பண்ணினேன். அந்தப் பக்கம் வந்தபோது நீ ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "இன்னும் எத்தனைக்கா இருக்கு?" என்று கேட்டாய். "ரெண்டே ரெண்டுதான்டா" என்று சொன்னேன். போட்டாய்.

கெட்ட எண்ணம் இல்லை. இருபத்திரண்டு பேரின் முகத்தையும் தினமும் பார்க்கிறேன். ஒரு குழியில் தண்ணீர் இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன என்று இருந்தேன்.

போன மாதம் சாவி கொடுத்தார்கள். குலுக்கலில் காஜா எடுக்கிறவளுக்குக் கிழக்கு மூலை, தரைத்தளம், கடைசி வீடு விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம், குழந்தைகள் மாடிப்படி ஏற வேண்டாம் என்று. உன் ஆறாவது குழி இருந்த மூலை அது. அத்தான் பெயருக்கு ஒதுக்கியிருந்த இரண்டாம் மாடி வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவளுடையதை நான் வாங்கிக்கொண்டேன். அவள் நான் ஏதோ தியாகம் செய்துவிட்டதாக யூனிட் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

போன வாரம் குடிவந்தேன். அத்தான் வரவில்லை. "நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்" என்கிறார். பழைய வீட்டைக் காலி செய்கிற மாதிரியும் தெரியவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை.

வீடு நல்ல வீடு. வெளிச்சம் இருக்கிறது. போன் சிக்னல்தான் எடுப்பதில்லை, அதற்கு மேட்டுக்குப் போக வேண்டும். கொல்லைப்பக்கம் பொதுவில் ஒரு போர்வெல் போட்டிருக்கிறார்கள், எல்லோருக்கும் குடிக்க அதுதான். குளியலறைத் தண்ணீர் மட்டும் போக நேரமாகிறது. புது வீடு அப்படித்தான் இருக்கும் என்று மேஸ்திரி சொல்கிறார். நேற்று குளித்துவிட்டு வெளியே வராமல் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். நீ நின்ற மாதிரி.

அனுப்பு தம்பி. என் பெயரையும் போட்டு அனுப்பு.

அக்கா

*

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைச் செய். போர் தண்ணீரை ஒருவரும் குடிக்கக் கூடாது. கொதிக்கவைத்தும் வேண்டாம். லாரித் தண்ணீருக்குச் சொல்லுங்கள், வரும்வரை மேட்டுப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள், கொடுக்க மாட்டேன் என்றால் வாசலில் உட்காருங்கள். குளியலறையில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் சாமானைப் பார்க்காதே. குழந்தைகளை மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போ. உன் யூனிட் பெண்களிடம் காரணத்தைச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள். பிறகு உன்னோடு பேசாமல் போவார்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மலையில் மூன்று நாளாக மழை. கடிதம் கொண்டுவந்த ஜீப் அதற்குப் பிறகு வராததால் பதினெட்டு கிலோமீட்டர் நடந்து அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்த போனைக் கையோடு எடுத்து வந்திருந்தேன், அதில் உன்னைக் கூப்பிட்டேன். ஏழு தரம். கிடைக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டேன். நான் சொன்னது எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எனக்குத் தெரியும்டா" என்றார். "தெரிஞ்சுமா அக்காவை அங்க விட்டீங்க?" என்று கேட்டேன். "நான் எங்க விட்டேன், அவளாத்தான் போனா. போகாதேன்னு சொன்னா, ஏன்னு கேட்பா. என்ன பதில் சொல்லச் சொல்ற?" என்றார். வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவில்லை. நகராட்சி அலுவலகத்தில், எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார்கள்.

எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். ஜூன் மாத உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பதிவுத் தபால். பக்கம் திருப்பியவர் என் அக்கா என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டது நான் என்றும், தெரிந்த பிறகும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தது நான் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில்தான் எல்லோரும் குடிவந்தார்கள்.

எழுதி முடித்ததும் பஸ் நிலையத்திலேயே அழுகை வந்தது. அவளுக்காகவா, உனக்காகவா, யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

உன்னிடம் வருகிற முதல் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் இடுப்பளவு ஓடுகிறது, இறங்கினால்தான் வண்டி என்கிறார்கள். எப்போது இறங்கும் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதே பஸ்ஸில் போக வேண்டிய தபால் பை, ஆணையருக்கு எழுதியது இருக்கிற பை, இதே பெஞ்சில் என் பக்கத்தில்தான் இருக்கிறது. இதையும் ஒட்டி அதற்குள் போடப்போகிறேன். நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.

இங்கே இப்போது மழை வெறித்துவிட்டது. மேகம் முழுக்க உன் பக்கம் போய்விட்டது.

தம்பி